கைக்கு அளந்த பென்சில் பை

ஜூன் நெருங்கினால் ஸ்டேஷனரிக் கடைகளின் முன்வரிசை மாறிவிடும். நோட்டும் லேபிளும் பிரவுன் அட்டையும் பின்னால் போக, பிள்ளைகளின் கண்மட்டத்துக்குக் காந்த மூடி போட்ட பிளாஸ்டிக் பென்சில் பாக்ஸ்கள் வந்து உட்காரும். ஒரு பட்டனை அழுத்தினால் ஷார்ப்னர் எட்டிப் பார்க்கும். இன்னொன்றை அழுத்தினால் ரப்பர் அறை துள்ளித் திறக்கும். முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு. இத்தனைக்கும் நடுவில் பென்சில் வைக்க மிஞ்சுவது நான்கைந்து பள்ளங்கள். அவையும் தேய்ந்த பென்சிலைப் பிடித்து நிறுத்தாது. ஆடி பிறப்பதற்குள் ஒரு ஸ்பிரிங் போய்விடும். காந்தம் கழன்று சட்டைப்பைக்குள் தனிக்குடித்தனம் போய்விடும். விளையாட்டுச் சாமான் என்றால் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பென்சில் வைக்கும் சாமான் என்றால் தேறாது.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு வாய்த்தது தகர ஜாமெட்ரி பாக்ஸ். கவராயம், டிவைடர், இரண்டு மூலைமட்டம், கோணமானி, 15 சென்டிமீட்டர் ஸ்கேல் என்று எல்லாம் அதனதன் இடத்தில் அடுக்கி வரும். அந்த அடுக்கு கடையில் திறந்து பார்க்கும் நிமிடம்வரைதான். பிறகு அதற்குள் பஸ் பாஸ், சில்லறை, சாக்லேட் காகிதம், பாதி கடித்த ரப்பர் எல்லாம் குடியேறிவிடும். தகரத்தின் பெரிய குறை ஓசை. வகுப்பு அமைதியாக இருக்கும்போது பெஞ்சிலிருந்து ஒரு பாக்ஸ் விழுந்தால் அடுத்த வகுப்பு வாத்தியாரும் எட்டிப் பார்ப்பார். அப்படி விழும்போது இன்னொரு சேதமும் நடக்கிறது, அது யார் கண்ணிலும் படாது. பென்சிலுக்குள் இருக்கும் முனைக்குச்சி கிராஃபைட் பொடியையும் களிமண்ணையும் குழைத்துச் சுட்டது. 1795-ல் பிரான்சில் நிக்கோலா ழாக் கோன்தே செய்து காட்டிய முறை அது. சுட்ட மண் எதுவும் விழுந்தால் விரியும். மரத்துக்குள்ளேயே இரண்டு மூன்று இடத்தில் முறிந்துபோன பென்சிலை எத்தனை தரம் சீவினாலும் முனை கழன்று விழுந்துகொண்டே இருக்கும். திட்டு வாங்குவது ஷார்ப்னரும் பிள்ளையும்.

ஆகையால் என் ஓட்டு துணிப் பைக்கு. விழுந்தால் ஓசை இல்லை, முனை முறிவது குறைவு, புத்தகப் பையின் இடுக்கிலும் வளைந்து கொடுக்கும், அழுக்கானால் துவைக்கலாம். கடைத் துணிப் பை எனக்கு அரை மனசுதான். வீட்டிலோ தெருமுனை டெய்லரிடமோ ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கென்று அளந்து தைத்ததைத்தான் ரசனைக்குரிய பொருள் என்பேன். 'தனிப்பட்ட பை' என்றதும் மேலே பெயர் போட்டுத் தருவது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பெயர் கடைசி வேலை. ஒரு பையை இன்னாருடையது என்று ஆக்குவது அதன் அளவு. அந்தக் கைக்கும், அந்தக் கை தினமும் எடுக்கிற பொருள்களுக்கும், அந்தப் பிள்ளை எதை எங்கே தேடும் என்பதற்கும் பொருந்தி அமைந்த அளவு.

அளவெடுக்கத் தொடங்கும் இடம் தரை. இப்போது இருக்கும் பென்சில் பாக்ஸைப் பிள்ளையே தரையில் கவிழ்க்கட்டும். ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பாக்ஸில் பென்சில் இரண்டே இருக்க, ஷார்ப்னர் சீவல், ஸ்டிக்கர், யாரோ கொடுத்த பாசிமணி, மூடி இல்லாத ஸ்கெட்ச், மூன்று ரப்பர் துண்டு என்று மிச்சமெல்லாம் வந்து விழும். தினமும் வேண்டியவை ஒரு பக்கம், வாரத்தில் ஒருநாள் வேண்டியவை ஒரு பக்கம், பள்ளிக்கே போக வேண்டாதவை ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொன்னால் முதல் குவியல் ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். கீழ் வகுப்புக்கு இரண்டு மூன்று பென்சில், ரப்பர், ஷார்ப்னர், சின்ன ஸ்கேல். அவ்வளவுதான். ஓவியப் பீரியடுக்கான கலர் பென்சிலும் கணக்குப் பீரியடுக்கான கவராயமும் வேறு வேறு பையில் போக வேண்டியவை. எல்லாவற்றையும் ஒரே பையில் திணிக்கிற ஆசைதான் பெரும்பாலான பென்சில் பைகளைக் கெடுக்கிறது. பெரிய பை தைத்தால் பெரிய குப்பை சேரும். பாசிமணிக்கு வீட்டில் ஒரு டப்பா கொடுத்துவிடலாம். அதற்காகப் பிள்ளையோடு சண்டை போட வேண்டாம்.

இனி எண்கள். புதுப் பென்சிலின் நீளம் ஏறத்தாழ 17.5 சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டர் ஸ்கேலும் இரண்டு ஓரங்களையும் சேர்த்தால் 16-ஐத் தொடும். ஆகவே பையின் உள்நீளம் 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஜிப்பின் இரண்டு முனைகளும் தின்னும் இடத்தையும் கணக்கில் சேர்த்தால் 21 வசதி. உயரத்தைப் பென்சிலைப் பார்த்து முடிவு செய்யாமல் கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிள்ளையின் கையை மேசைமேல் விரித்து வைத்து, விரல்கள் சேர்ந்தபடி உள்ளங்கை அகலத்தை அளந்து, அதோடு மூன்று சென்டிமீட்டர் கூட்டினால் போதும். பெரும்பாலும் 9 முதல் 11-க்குள் வரும். கடைப் பைகளில் பிள்ளைகள் பொருளைத் தேடாமல் மொத்தமாகக் கவிழ்ப்பது ஏன் என்று கேட்டால் விடை இதில் இருக்கிறது. கை உள்ளே போய்த் திரும்ப இடமில்லை.

பை மேசையில் தானாக நிற்க வேண்டும் என்றால் அடிமூலைகளில் வெட்டு வேண்டும். தைத்த பையின் இரண்டு அடிமூலைகளிலும் 2 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, வெட்டுவாயை எதிர்த்திசையில் சேர்த்துத் தைத்தால் 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓர் அடித்தளம் கிடைக்கும். பிளவுஸ் தைப்பவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. இந்தச் சின்ன வெட்டைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு. தட்டையாகக் கிடந்த துணி அந்த இரண்டு தையலில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது.

துணிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வந்து சேர்ந்த ஜாக்கெட் பிட்டுகள் பீரோவின் ஒரு தட்டை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. ஒரு விசேஷத்தில் வாங்கியதை இன்னொரு விசேஷத்தில் கொடுத்து, ஊர் முழுக்கச் சுற்றி, ஒரு முறைகூட ஜாக்கெட் ஆகாமலேயே நைந்துபோகிற துணி அது. உட்துணிக்கு அது நன்றாகப் பொருந்தும். மேல்துணிக்கு மட்டும் கொஞ்சம் முதுகெலும்பு உள்ளதாக வேண்டும். பழைய ஜீன்ஸின் கால்பகுதி, சின்னதாகிப்போன யூனிஃபார்ம் பேன்ட், கரூர்ப் பக்கத்துத் திரைத்துணி மிச்சம், ஏதாவது ஒன்று. என் விருப்பம் பவானி ஜமக்காளம். ஓரம் கிழிந்து ஒதுக்கிய ஜமக்காளம் ஒன்று வீட்டில் இருந்தால் அதன் நல்ல பகுதியிலிருந்து நாலைந்து பைகள் வெட்டலாம். அதன் பட்டைகளே வெட்டுக்கோடு காட்டும். பச்சைப் பட்டை முடியும் இடத்தில் ஜிப்பை வைத்தால் யாரோ திட்டமிட்டு நெய்து கொடுத்தது மாதிரி அமையும். தடித்த நூல் என்பதால் வெட்டிய ஓரம் உடனே பிரியத் தொடங்கும். வெட்டியதும் ஓவர்லாக்கோ ஜிக்ஜாக் தையலோ போட்டுவிட வேண்டும். ஜமக்காளத்துக்கும் ஜீன்ஸுக்கும் மெஷினில் 16-ஆம் நம்பர் ஊசி. ஜாக்கெட் துணிக்கு 14 போதும்.

எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் ஒரு முறை ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியதும் சுருங்கும், சாயம் இறங்குமா என்பதும் தெரிந்துவிடும். மேல்துணியும் உட்துணியும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் முதல் துவைப்பிலேயே பை கோணிக்கொள்ளும். துணி மெலிதாக இருந்தால் நடுவில் டெய்லர்கள் கழுத்துக்கு வைக்கும் கேன்வாஸைக் கொடுக்கலாம். உட்துணியின் நிறத்தில் ஓர் எச்சரிக்கை: வெள்ளை, ரோஜா, இளமஞ்சள் எல்லாம் தைக்கும் அன்றைக்கு அழகு, கிராஃபைட் பொடி பட்ட மறுவாரம் அடுப்பங்கரைத் துணி. கட்டம் போட்ட யூனிஃபார்ம் துணி அழுக்கைச் சாமர்த்தியமாக மறைக்கும். மிகவும் கறுத்த துணியும் ஆகாது. அதற்குள் கறுப்பு ரப்பரும் கறுப்புப் பென்சிலும் காணாமல் போய்விடும்.

இந்தக் கலையின் நுட்பமெல்லாம் உள்ளே தைக்கும் அறைகளில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஒரு பென்சிலின் குறுக்களவு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். சுற்றளவு 22 மில்லிமீட்டர். இரண்டு துணிகளைத் தட்டையாக வைத்துத் தைத்த அறைக்குள் அது நுழைய, அறையின் அகலம் குறைந்தது அந்தச் சுற்றளவில் பாதி, அதாவது 11 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கணக்குப்படி அது போதும். பிள்ளையின் விரல்படி போதாது. துணியின் தடிப்பு ஒரு பங்கைத் தின்றுவிடும், அவசரம் இன்னொரு பங்கை. 18 முதல் 20 மில்லிமீட்டர் வைத்தால் பென்சில் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், தலைகீழாகப் பிடித்தாலும் சட்டென்று நழுவாது. ஸ்கெட்ச் பேனாவுக்கு 25 வேண்டும். எலாஸ்டிக் பட்டையில் வளையம் தைக்கிற பழக்கம் ஒன்று உண்டு. புதிதில் கச்சிதமாக இருக்கும். நம் ஊர் வெயிலில் ஒரு வருஷத்தில் எலாஸ்டிக் தளர்ந்து தொங்கும். துணி அறைக்கு அந்தக் கெடு இல்லை.

அகலத்தைவிட ஆழம் முக்கியம். பென்சில் தேய்கிற பொருள் என்பதைப் பை தைப்பவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜூனில் 17 சென்டிமீட்டர் இருந்தது தீபாவளிக்குள் 9 ஆகிவிடும். 11 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எல்லா அறையையும் தைத்தால் குட்டைப் பென்சில்கள் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பிள்ளைக்கு அவை தொலைந்த கணக்குத்தான். தேர்ந்த கை இரண்டு அறைகளின் குறுக்கே, மேல் வாயிலிருந்து 5 சென்டிமீட்டர் கீழே, ஒரு படுக்கைத் தையல் போட்டுவிடும். அது குட்டைப் பென்சில்களின் இடம். வருஷக் கடைசிவரை ஒரு பென்சிலை முழுதாக எழுதித் தீர்க்கிற பிள்ளை இந்த ஒரு தையலால் உருவாகலாம். அறைகளைப் பிரிக்கும் தையல்களின் மேல்முனையில் முன்னும் பின்னும் மூன்று முறை ஓட்டி இறுக்க வேண்டும். பென்சில் நுழையும்போதெல்லாம் இழுபடுவது அந்த முனைதான். ஒரு பையை யார் தைத்தார்கள், எவ்வளவு பொறுமையாகத் தைத்தார்கள் என்று பார்க்க நான் முதலில் புரட்டுவது அங்கேதான்.

ரப்பருக்குத் தனி அறை அவசியம். இப்போது வருகிற ரப்பர்களில் பல உண்மையில் பிவிசி பிளாஸ்டிக். மென்மைக்காக அதில் கலந்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். விடுமுறை முடிந்து பாக்ஸைத் திறந்தால் ரப்பரும் ஸ்கேலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்திருப்பது அதனால்தான். ரப்பர் காகிதச் சட்டை போட்டுக்கொண்டு வருவதற்கும் இது ஒரு காரணம். துணி அறைக்குள் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஷார்ப்னருக்கு ஒரு சாண் நாடா போதும்: ஒரு முனையைப் பையின் ஓரத் தையலோடு சேர்த்துத் தைத்து, மறுமுனையில் துளையுள்ள ஷார்ப்னரைக் கட்டிவிட்டால் அது பையை விட்டு வெளியூர் போகாது.

அறைகள் எதற்கு இத்தனை என்று கேட்கலாம். 'எல்லாத்தையும் எடுத்து வச்சியா?' என்று வீட்டில் தினமும் கேட்கிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு 'எல்லாம்' என்பது எத்தனை என்று தெரியாது. ஆகையால் எப்போதும் 'வச்சிட்டேன்' என்றே பதில் வரும். ஐந்து அறையில் ஒன்று காலியாக இருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும். எண்ண வேண்டாம், நினைவு வைக்க வேண்டாம், காலி இடம் தானே காட்டிக் கொடுக்கும். கலர் பென்சில் பையில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போகலாம்: சிவப்பு அறையின் தையல் சிவப்பு நூலில், பச்சையின் தையல் பச்சையில். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் எது வீடு திரும்பவில்லை என்று சொல்லிவிடும். இந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்யும் பை, பூவேலை ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அழகான பை என்பது என் தீர்ப்பு.

பன்னிரண்டு கலர் பென்சிலுக்குச் சுருட்டுப் பை தைக்க விரும்புகிறவர்கள் உண்டு. ஓவியர்கள் தூரிகைக்கு வைத்திருப்பது போன்றது: பன்னிரண்டு அறை, தலைக்கு 2 சென்டிமீட்டர், இரண்டு ஓரமும் சேர்த்து 28 சென்டிமீட்டர் அகலம், மேலே பென்சில் முனைகளை மூட 8 சென்டிமீட்டர் மடிப்பு, கட்ட ஒரு நாடா. விரித்தால் நிறங்கள் வரிசையாக எழுந்து நிற்பது கண்ணுக்கு விருந்து. ஆனால் மூன்று பேர் முட்டி மோதி உட்காரும் பெஞ்சில் 28 சென்டிமீட்டர் விரிப்பது பக்கத்துப் பிள்ளையின் எல்லைக்குள் படையெடுப்பது. வீட்டு மேசைக்குச் சுருட்டு, வகுப்புக்கு ஜிப் பை என்று வைத்துக்கொள்வது நல்லது. கிரையானுக்குச் சுருட்டே வேண்டாம். அது மெழுகு, வெயிலில் நின்ற பஸ்ஸில் ஒரு மதியம் போதும், துணியோடு ஒன்றிவிடும்.

மூடும் வகையைப் பிள்ளையின் விரல் முடிவு செய்ய வேண்டும். மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறு பிரம்ம ஞான சபைக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்து, உலகப் போர் மூண்டதால் 1946வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். அவருடைய வகுப்பறைச் சாதனங்களில் மரச்சட்டத்தில் இரண்டு துணிகளை மாட்டிய ஒரு வரிசை உண்டு. ஒரு சட்டத்தில் பெரிய பட்டன் மட்டும், ஒன்றில் பிரஸ் பட்டன் மட்டும், ஒன்றில் கொக்கி, ஒன்றில் பக்கிள், ஒன்றில் ரிப்பன் முடிச்சு. ஒரு சட்டத்துக்கு ஒரு வேலைதான்; பிள்ளை சலிக்கும்வரை அதையே போட்டுக் கழற்றலாம். பென்சில் பை தைக்கிறவர்கள் அந்தச் சட்டங்களை மனதில் வைத்துக்கொள்ளலாம். எல்கேஜி விரலுக்கு நாடா முடிச்சு கடினம், பெரிய பட்டன் சுலபம். வெல்க்ரோ சுலபமோ சுலபம், ஆனால் அதைப் பிய்க்கும் ஓசையில் பிள்ளைகளுக்கு ஓர் ஆனந்தம் இருக்கிறது. முப்பது பிள்ளைகளுக்கும் அந்த ஆனந்தம் வாய்த்தால் டீச்சர் பாவம்.

முதல் வகுப்பிலிருந்து ஜிப்தான். பூட்ஸ் மாட்டும் சிரமத்துக்கு மாற்றாக அமெரிக்காவில் விட்கோம்ப் ஜட்சன் 1893-ல் காப்புரிமை வாங்கிய கொக்கி வரிசை, கிடியன் சண்ட்பேக்கின் கையில் 1913 வாக்கில் இன்றைய பல் வரிசையாகத் தேறியது. ஒரு விரலால் இரண்டு துணிகளைத் தைத்து மறுபடி பிரித்துவிடுகிற அந்தச் சின்ன ரன்னரின் சாமர்த்தியம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பென்சில் பைக்கு நைலான் ஜிப், 5-ஆம் நம்பர். 3 மெலிது, சீக்கிரம் பிளக்கும்; உலோகப் பல் சின்ன விரலைக் கீறும். மீட்டர் கணக்கில் ஜிப்பும் தனியாக ரன்னரும் வாங்கினால் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். ரன்னரின் வாலில் ஒரு நூல் குஞ்சமோ தடித்த மணியோ கட்டினால்தான் சின்ன விரலுக்குப் பிடி கிடைக்கும். முரண்டு பிடித்தால் பல் வரிசையில் மெழுகுவர்த்தியை ஒரு தேய்ப்பு. தைப்பவர்களுக்கு ஒரே ஒரு நினைவூட்டல்: பக்கங்களைத் தைத்து மூடும் முன் ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் பையை உள்வெளியாகத் திருப்ப வழியே இருக்காது.

இடக்கைப் பிள்ளைகளை எந்தக் கடைப் பையும் நினைத்துப் பார்ப்பதில்லை. வலக்கைக்காரர் இடக்கையால் பையைப் பிடித்து வலக்கையால் ஜிப்பை இழுப்பார். அறைகளின் வாய் வலப்பக்கம் திறப்பது அவருக்குச் சௌகரியம். இடக்கைப் பிள்ளைக்கு அந்தப் பை ஒவ்வொரு முறையும் தலைகீழ். வீட்டில் தைக்கும்போது உட்துணியைத் திருப்பி வைத்துத் தைத்தால் தீர்ந்தது, ஒரு பைசா கூடுதல் செலவில்லை. தனிப்பட்ட பை என்ற சொல்லுக்குத் தகுதி இப்படிப்பட்ட இடத்தில்தான் வருகிறது.

பெயருக்கு வருவோம். பொருளில் பெயர் போடுவது நமக்குப் புதிதா என்ன? கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழி எழுத்தில் கீறியிருக்கிறார்கள். பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தைக் கொடுத்துப் பெயர் வெட்டி வாங்காத குடும்பம் குறைவு. பத்தமடையில் கல்யாணப் பாய் நெய்யும்போது மணமக்கள் பெயரைக் கோரையிலேயே நெய்து கொடுப்பார்கள். கல்யாண மஞ்சப்பையைச் சொல்லவே வேண்டாம். இன்றைய வகுப்பறையில் பெயருக்குத் தேவையும் கூடியிருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலர் பென்சிலும் ஜாமெட்ரி பாக்ஸும் விலையில்லாமல் கிடைக்கின்றன, நல்ல காரியம். ஒரே நிறத்தில், ஒரே அளவில் வகுப்பு முழுக்க ஒரே பொருள் இருக்கும்போது எது யாருடையது என்ற வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வதிலேயே டீச்சரின் நேரம் போகிறது.

கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரியில் பெயர் போட்டுத் தருகிறார்கள். சுத்தமாக இருக்கும், ஆனால் தமிழ் எழுத்து என்றால் பல கடைகளில் ஒரே ஒரு மொத்தை உருவம்தான். இஸ்திரி போட்டு ஒட்டும் பிளாஸ்டிக் எழுத்து பத்து மடிப்பில் விரிசல் விடும். கையால் போடுவதற்குத் தமிழ் எழுத்து இசைந்து கொடுப்பது போல எல்லா எழுத்தும் கொடுக்காது. அதன் வளைவுகள் சங்கிலித் தையலுக்கென்றே பிறந்தவை. ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் மூன்று இழையைப் பிரித்தெடுத்து, இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் எழுதினால் சுழி அடைபடாமல் வரும். 'யாழினி' என்று போடும்போது ழகரத்தின் கீழ்வளைவில் கண்ணிகளைச் சற்றுச் சிறிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவு முடங்கிப்போகும். மேல்விலங்கை எழுத்தை விட்டு எடுக்காமல் ஒரே ஓட்டமாகக் கொண்டுபோக வேண்டும். 'கயல்', 'முகில்' போன்ற பெயர்களில் புள்ளி வருமே, அதற்கு ஒரு பிரெஞ்சு முடிச்சு. ஊசியில் நூலை இரண்டு சுற்று சுற்றி இழுத்தால் துணிமேல் ஒரு கடுகு உட்காரும். விரலால் தடவினால் மெய்யெழுத்து தட்டுப்படும். தையல் வேலையில் இதைவிடச் சின்னதான சந்தோஷம் எனக்குத் தெரியாது. பெயர் வேலையைப் பையைத் தைத்து முடிக்கும் முன், துணி தட்டையாக இருக்கும்போதே வளையத்தில் மாட்டிப் போட்டுவிட வேண்டும்.

அந்தப் பெயர் உட்பக்கம் இருக்கட்டும். வெளியே பெரிதாகப் பெயர் தெரிந்தால் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளும் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். வெளிப்பக்கத்துக்கு ஓர் அடையாளம் போதும், அதைப் பிள்ளையே வரையட்டும். ஐந்து வயதுப் பிள்ளை வரைந்த பூனைக்கு மூன்று கால் இருக்கலாம், மீசை காதிலிருந்து முளைத்திருக்கலாம். கார்பன் தாளில் அதை அப்படியே துணிக்கு ஏற்றி ஓட்டுத் தையலில் போட வேண்டும். நாலாவது காலைச் சேர்த்துத் திருத்துகிற பெரியவர்கள் நல்ல பையைக் கெடுப்பவர்கள். கடையிலிருக்கும் கார்ட்டூன் இளவரசிகள் ஆயிரம் பையில் ஒரே முகத்தோடு இருக்கிறார்கள். மூன்று கால் பூனை உலகத்தில் ஒன்றுதான், அது எந்தப் பெஞ்சில் கிடந்தாலும் உரியவரிடம் திரும்பி வரும். எட்டு வயது தாண்டிய பிள்ளையானால் ஓட்டுத் தையலையும் அதன் கையிலேயே கொடுக்கலாம். ஒரு பட்டனைத் தானே தைத்த பையை ஒரு பிள்ளை தூக்கி எறிவது அபூர்வம்.

இவ்வளவும் செய்தாலும் ரப்பர் தொலையும். அது ரப்பரின் குணம். பை செய்வதெல்லாம் அது தொலைந்ததைத் தேர்வன்று காலை எட்டரை மணிக்கு அறியாமல் முந்தின நாள் சாயங்காலமே அறியவைப்பது. அதற்கே இத்தனை அளவும் தையலும் தகும்.

தைக்க உட்காருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேல்துணி, உட்துணி, ஜிப் எல்லாவற்றையும் இரட்டையாக வெட்டி, ஒரே அளவில் இரண்டு பைகளாகத் தைத்துவிடுங்கள். மாதம் ஒரு முறையாவது பையைச் சோப்பில் அலசி, உட்துணியை வெளியே இழுத்து நிழலில் காயவைக்க வேண்டியிருக்கும். ஐப்பசி மழையில் சனிக்கிழமை துவைத்த ஜமக்காளத் துணி திங்கட்கிழமை காலைக்குள் காயாது.